அமெரிக்க அதிபர் தேர்தல் முதல் பதவியேற்பு வரை: சாமானியர் கொண்டாட ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க அதிபர் பதவியேற்பு என்றதும் நம் கண்ணில் படுவது கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள், இராணுவ இசைக்குழு, இரவு நடன விருந்து. அழைப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. அவர்களை யாராவது காரில் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து விடுவார்கள். இது மற்றவர்களுக்கு: வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர்களுக்கும், குளிரில் வாஷிங்டனின் ‘நேஷனல் மால்’ என்னும் திறந்த புல்வெளியில் நிற்பவர்களுக்கும், வீட்டு சோபாவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும்.

என்னைக் கேட்டால், பதவியேற்பு நாளை மட்டும் கொண்டாடுவது பந்தியில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வருவது மாதிரி. தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் நடுவில் பத்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. அதில் செலவே இல்லாமல் கலந்துகொள்ளக்கூடிய கட்டங்களைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

முதலில் காலண்டரில் குறிக்க வேண்டியவை

நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாய்தான் தேர்தல் நாள். 1845-இல் போட்ட சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. மாநிலத் தேர்வாளர்கள் (மக்கள் வாக்கின்படி அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்திலும் நியமிக்கப்படுபவர்கள்) கூடி முறைப்படி வாக்களிப்பது டிசம்பர் 19. அந்த வாக்குகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எண்ணுவது வழக்கமாக ஜனவரி 6. பதவியேற்பு 2029 ஜனவரி 20, சனிக்கிழமை, நண்பகல் 12 மணி. பழைய காலத்தில் மார்ச் 4-ஆம் தேதிதான் பதவியேற்பார்கள். 1933-இல் வந்த 20-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் அதை ஜனவரிக்கு இழுத்து வந்தது. 1937-இல் ரூஸ்வெல்ட்தான் முதன்முதலில் ஜனவரி 20-இல் உறுதிமொழி எடுத்தார், அதுவும் கொட்டும் மழையில். ஜனவரி 20 ஞாயிறாக வந்தால் பொது விழாவை மறுநாள் திங்களன்று வைப்பார்கள். 2013-இல் அப்படித்தான் நடந்தது. 2029-க்கு அந்தச் சிக்கல் இல்லை.

நீங்கள் யார் என்பதில் தெளிவாக இருங்கள்

இது கொண்டாட்டக் கட்டுரைதான், ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். வாக்களிப்பது குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அதிபர் தேர்தலில் வாக்களித்தால் அது குற்றம், நாடு கடத்தல் வரை கொண்டுபோய் விடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளர் பதிவுக்கான கட்டத்தையும் சேர்த்து டிக் செய்துவிட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. படிவத்தை நிதானமாகப் படியுங்கள்.

எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) போன்ற விசாவில் இருப்பவர்கள் வேட்பாளருக்கோ, பதவியேற்பு விழாக் குழுவுக்கோ நன்கொடை தரவும் கூடாது. ஐந்து டாலர்தானே என்று நினைக்க வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம். சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக உதவுவது, விழாவைப் பார்க்கப் போவது, வீட்டில் விருந்து வைப்பது ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை.

புதிதாகக் குடியுரிமை வாங்கியவர் என்றால், உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளர் பதிவை முடித்துவிடுங்கள். பல இடங்களில் குடியுரிமை விழா வாசலிலேயே படிவத்தோடு ஆட்கள் நிற்பார்கள். பதிவுக்கான கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் தேர்தலன்றே பதியலாம், வேறு சிலவற்றில் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே கதவு மூடிவிடும். வட டகோட்டாவில் மட்டும் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது.

வாக்களிக்கும் நாளை விழாவாக்குவது

தபாலில் வாக்களிப்பது வசதிதான். ஆனால் முதல்முறை வாக்களிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் நேரில் போவதையே நான் சொல்வேன். பெரும்பாலான இடங்களில் சின்னப் பிள்ளைகளை உடன் அழைத்துப் போகலாம். ‘நான் வாக்களித்தேன்’ ஸ்டிக்கருக்காகவே பிள்ளைகள் உற்சாகமாக வருவார்கள்.

குடியுரிமை பெற்ற அப்பா அம்மாவுக்கு ஆங்கில வாக்குச்சீட்டைப் படிக்கத் தடுமாற்றம் இருந்தால் தயங்க வேண்டாம். பார்வைக் குறைபாடு, உடல் இயலாமை, எழுதப் படிக்க இயலாமை காரணமாக உதவி தேவைப்படுபவர் தனக்குப் பிடித்த ஒருவரை உள்ளே கூட்டிப்போகலாம் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. அவருடைய முதலாளியாகவோ தொழிற்சங்கத்தின் ஆளாகவோ மட்டும் அந்த உதவியாளர் இருக்கக் கூடாது. மகனோ மகளோ பக்கத்தில் நின்று படித்துச் சொல்லலாம். யாருக்குப் போடுவது என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். அந்த விஷயத்தில் நம் வீடுகளில் கை கொஞ்சம் நீளும்.

வேட்பாளர் பெயர் போட்ட தொப்பி, டி-சட்டை இதெல்லாம் பல மாநிலங்களில் சாவடிக்குள் கூடாது. வாக்குச்சீட்டோடு செல்ஃபி எடுப்பதும் சில மாநிலங்களில் சட்டவிரோதம். வெளியே வந்து ஸ்டிக்கரோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: ‘வாக்களித்துவிட்டு வந்தால் இலவச டீ’ என்று கடை வைத்திருப்பவர் அறிவிப்பதுகூட, கூட்டாட்சித் தேர்தல் நாளில் சட்டச் சிக்கலுக்கு உரியது. வாக்குக்குக் கைம்மாறாக எதுவும் தரக்கூடாது என்பதுதான் விதி. டீ கொடுக்க ஆசையாக இருந்தால் வருகிற எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு பழைய மரபு இருக்கிறது. நியூ இங்கிலாந்து பகுதியில், குறிப்பாக கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்டில், தேர்தல் காலத்தில் ‘எலெக்‌ஷன் கேக்’ செய்வார்கள். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, உலர்திராட்சையும் மசாலாவும் சேர்த்த ரொட்டி போன்ற கேக் அது. 1796-இல் அச்சான செய்முறை ஒன்று 30 குவார்ட் மாவு, 10 பவுண்டு வெண்ணெய், 14 பவுண்டு சர்க்கரை கேட்கிறது. ஊருக்கே சமைத்திருக்கிறார்கள். நம் வீட்டு அடுப்புக்கு அதில் முப்பதில் ஒரு பங்கு போதும். ஏலக்காய் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். முந்தைய இரவே மாவைப் பிசைந்து வைத்துவிடுங்கள்.

முடிவு வரும் இரவு

கிழக்கு நேரப்படி மாலை 6 மணிக்கு இண்டியானா, கென்டக்கியின் சில பகுதிகளில் வாக்குப்பதிவு முடியும். 7 மணிக்கு ஜார்ஜியா, 7:30-க்கு ஒஹாயோவும் வட கரோலினாவும், 8 மணிக்கு பென்சில்வேனியா, 9 மணிக்கு அரிசோனாவும் விஸ்கான்சினும், 11 மணிக்கு கலிஃபோர்னியா. இந்திய நேரத்துக்கு இதோடு பத்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அதாவது முதல் மாநிலங்கள் முடியும்போது சென்னையில் புதன்கிழமை அதிகாலை 4:30, கலிஃபோர்னியா முடியும்போது காலை 9:30. ஊரில் இருக்கும் பெற்றோரை வீடியோ அழைப்பில் சேர்ப்பதென்றால் அவர்கள் காப்பி குடித்து முடித்த பிறகு அழைத்தால் போதும். சூடு பிடிப்பதே அப்போதுதான்.

விருந்து வைப்பவர்கள் செய்யும் தப்பு, அன்று இரவே வெற்றி தெரிந்துவிடும் என்று நம்பி எல்லாவற்றையும் அடுக்கி வைப்பது. 2024-இல் முடிவு தெளிவாக மறுநாள் விடியற்காலை ஆயிற்று. 2020-இல் நான்கு நாள் கழித்து சனிக்கிழமை பகலில்தான் அறிவித்தார்கள். 2000-இல் கேட்கவே வேண்டாம். ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் தொங்கி, டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. 2024 தேர்தல் வரை பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன்பு பிரித்துத் தயார் செய்யவே அனுமதி இல்லை. அதனால் இரவு 10 மணிக்கு முன்னிலையில் இருப்பவர் காலையில் பின்தங்கலாம். அதை வைத்து யாரும் தோழியோடு சண்டை போட வேண்டாம்.

ஆகவே இரவு 11 மணிக்கு விருந்து முடிகிறது என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 50 மாநிலங்கள் உள்ள வெற்று வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்து, முடிவு வர வர வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், வெற்றிக்கு 270. கூட்டிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். 269-க்கு 269 என்று சமமாக வந்தால் என்ன ஆகும் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், அங்கே ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்குதான் என்று சொல்லிவையுங்கள்.

இரு கட்சிக்காரர்களும் வருகிற வீடாக இருந்தால், தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைப்பது நல்லது. எண்களுக்காக யாரும் கோபப்படுவதில்லை, விமர்சகர்கள் வாயைத் திறந்தால்தான் வம்பு.

டிசம்பரில் ஒளிந்திருக்கும் நல்ல வாய்ப்பு

தேர்வாளர்கள் வாஷிங்டனில் கூடுவதில்லை, அவரவர் மாநிலத்தில்தான் கூடுகிறார்கள். பெரும்பாலும் மாநிலத் தலைமைச் செயலக மண்டபத்தில் நடக்கும். அட்லாண்டாவில், ஆஸ்டினில், டிரென்டனில், சேக்ரமெண்டோவில். பல மாநிலங்களில் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். டிக்கெட் சண்டை இல்லை, பெரிய கூட்டமும் இல்லை. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடுவதைச் சில அடி தூரத்தில் நின்று பார்க்க முடிகிறது. அதிபரைச் சட்டப்படி தேர்ந்தெடுக்கும் செயல் இதுதான், ஆனால் பலர் இப்படி ஒன்று நடப்பதையே அறியாமல் இருக்கிறார்கள். உங்கள் மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் அறிவிப்பை டிசம்பர் தொடக்கத்தில் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

டிக்கெட்: எங்கே, எப்படி, எவ்வளவு

பதவியேற்பு விழா டிக்கெட் இலவசம். உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகமும் உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களின் அலுவலகங்களும் கொடுக்கின்றன. மூன்று இடத்திலும் விண்ணப்பியுங்கள், தேர்தல் முடிந்த கையோடு. அவர்கள் இணையதளத்தில் படிவம் இருக்கும். நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. எதிர்க்கட்சிப் பிரதிநிதியிடம்கூடக் கூச்சமில்லாமல் கேளுங்கள். சொல்லப்போனால் அவர் கட்சி தோற்ற ஆண்டில் போட்டி குறைவாக இருக்கும். விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் போடுகிறார்கள்.

2025 விழாவுக்கு 2,20,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் அச்சிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை நின்று பார்ப்பதற்கானவை. விழாவுக்குச் சில நாள் முன்புதான் கைக்கு வரும், அதையும் வாஷிங்டனில் அந்த அலுவலகத்துக்கே நேரில் போய் வாங்க வேண்டியிருக்கும். அதனால் டிசம்பர் மாதத்தில் யாராவது ‘உறுதியான டிக்கெட், 500 டாலர்’ என்று விற்றால் ஏமாற்று வேலை. அப்போது டிக்கெட்டே வெளியே வந்திருக்காது.

கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். வழக்கமான ஆண்டுகளில் நேஷனல் மால் புல்வெளியின் பெரும்பகுதிக்கு டிக்கெட் தேவையில்லை. சோதனைச் சாவடி தாண்டி உள்ளே போய், பெரிய திரைகளில் பார்க்கலாம். டிக்கெட் இருப்பவரில் பலருக்கும் அதிபர் ஒரு புள்ளியாகத்தான் தெரிவார். 2009-இல் ஒபாமா பதவியேற்பன்று சுமார் 18 லட்சம் பேர் கூடியதாக மதிப்பிட்டார்கள். அன்று ஊதா நிற டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் மூன்றாம் தெருச் சுரங்கப்பாதைக்குள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு, கையில் டிக்கெட் இருந்தும் விழாவைப் பார்க்காமலே திரும்பினார்கள். டிக்கெட் இல்லாதவர்களோ மாலில் நின்று ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு வழி. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, இராணுவம் முழு ஒத்திகை நடத்தும். அதிபருக்குப் பதில் ஒரு படைவீரர் நின்று உறுதிமொழி எடுப்பார், இசைக்குழு நடக்கும், கார் அணிவகுக்கும். கேபிட்டல் (நாடாளுமன்றக் கட்டடம்) பக்கத்திலும் பென்சில்வேனியா அவென்யூ ஓரத்திலும் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. மேரிலாந்து, வர்ஜீனியாவில் இருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

தங்குவதும் போவதும்

அன்றைக்கு வாஷிங்டன் நகருக்குள் ஹோட்டல் விலை ஏறும், பல இடங்களில் மூன்று நான்கு இரவுக்கு எடுத்தால்தான் அறை கொடுப்பார்கள். மெட்ரோ இரயில் போகும் புறநகரில் தேடுங்கள். வர்ஜீனியாவில் ரெஸ்டன், வியன்னா, மேரிலாந்தில் ராக்வில், கிரீன்பெல்ட். ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகவே எடுங்கள். நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளர் தோற்றால் மனம் மாறலாம். விமானத்தில் வருபவர்களுக்கு வாஷிங்டன் டல்லஸ் (Dulles) விமான நிலையத்திலிருந்து சில்வர் லைன் மெட்ரோ 2022 முதல் ஓடுகிறது. ரீகன் விமான நிலையத்திலும் மெட்ரோ உண்டு. காரை நகருக்குள் எடுத்துப்போகும் எண்ணமே வேண்டாம், சாலைகள் முந்தைய நாளே மூடப்படும்.

மெட்ரோ அன்று அதிகாலை 4 மணி வாக்கில் ஓடத் தொடங்குவது வழக்கம். ஸ்மார்ட்ரிப் அட்டையில் போக வர இரண்டுக்குமான பணத்தை முந்தைய நாளே போட்டுவையுங்கள். மாலுக்கு மிக அருகில் இருக்கும் சில நிலையங்களைப் பாதுகாப்புக்காக மூடிவிடுவார்கள், எவை என்று சில நாள் முன்பு அறிவிப்பு வரும். பேரணிப் பாதை நகரை இரண்டாக வெட்டிவிடும். வடக்குப் பக்கம் இறங்கிவிட்டுத் தெற்கு வாயிலுக்குப் போக நினைத்தால் மைல் கணக்கில் சுற்ற வேண்டும். டிக்கெட்டின் நிறம் எந்த வாயிலைக் குறிக்கிறது என்று பார்த்து, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்

செலவழிக்க ஒரு நூறு டாலர் இருந்தால் அதைக் காலணியில் போடுங்கள். ஜனவரியில் அங்கே பகல் வெப்பம் சராசரியாக 6 டிகிரி செல்சியஸ், அதிகாலையில் பூஜ்யத்துக்குக் கீழே. நடந்துகொண்டே இருந்தால் தாங்கும். ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பதுதான் கொல்லும், குளிர் பாதத்தின் வழியாக ஏறும். தடித்த அடியுள்ள பூட்ஸ், கம்பளி சாக்ஸ், உள்ளே தெர்மல், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லாய். பட்டுப் புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டுங்கள், அடியில் தெர்மல் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது. கையைச் சூடாக்கும் சிறு பொட்டலங்கள் மருந்துக்கடையிலேயே கிடைக்கும், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க் குளிர் அதிபர்களையே ஆட்டியிருக்கிறது. 1873-இல் அதிபர் கிராண்ட் இரண்டாம் முறை பதவியேற்றபோது நடன அரங்கில் அழகுக்காகத் தொங்கவிட்ட கேனரிக் குருவிகள் விறைத்துச் செத்தன. 1985-இல் நண்பகலில் மைனஸ் 14 டிகிரி செல்சியஸ், ரீகன் கேபிட்டலின் வட்ட மண்டபத்துக்குள் உறுதிமொழி எடுத்தார், பேரணி ரத்து. 2025-இலும் விழா உள்ளேதான். மூன்று நாள் முன்புதான் அறிவித்தார்கள், லட்சக்கணக்கான டிக்கெட்டுகள் ஞாபகார்த்தச் சீட்டாக மாறின. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

குடை கூடாது. முதுகுப்பை, பிளாஸ்க், மடக்கு நாற்காலி, குழந்தை தள்ளுவண்டி, செல்ஃபி குச்சி, கண்ணாடிப் பாட்டில் எதுவும் கூடாது. வீட்டிலிருந்து சுடச்சுடக் காப்பி கொண்டுபோகும் ஆசையை விட்டுவிடுங்கள். மழை வந்தால் மேலே போட்டுக்கொள்ள மெல்லிய மழைச்சட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். தடைப் பட்டியல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், கடைசி வாரம் மறுபடி பாருங்கள். தள்ளுவண்டி இல்லாமல் சமாளிக்க முடியாத வயதுக் குழந்தை இருந்தால், உண்மையைச் சொன்னால், வீட்டில் பார்ப்பதுதான் உத்தமம்.

அன்று என்ன நடக்கும்

வாயில்கள் காலை 6 மணி வாக்கில் திறக்கும். விழா ஆரம்பிக்கப் பதினொன்றரை ஆகிவிடும். தொலைபேசி வேலை செய்யாது என்றே நினைத்துக்கொண்டு, பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று உள்ளே நுழையும் முன்பே பேசிவையுங்கள். ‘வாஷிங்டன் நினைவுத்தூண் பக்கத்தில்’ என்று சொன்னால் உதவாது, ஊரே அங்கேதான் நிற்கும். ஒரு குறிப்பிட்ட தெருமுனையைச் சொல்லுங்கள்.

முதலில் துணை அதிபர், பிறகு அதிபர். அதிபரின் உறுதிமொழி 35 சொற்கள்தான், இருமினால் தவறவிட்டுவிடுவீர்கள். 2009-இல் தலைமை நீதிபதி சொற்களின் வரிசையை மாற்றிச் சொல்லிவிட, மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை எடுத்தார்கள். முடிந்ததும் 21 பீரங்கி முழக்கம். குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், திடீரென்று கேட்டால் அழுதுவிடும். பிறகு உரை. முடிந்து சிறிது நேரத்தில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள், வழக்கப்படி முன்னாள் அதிபர் கிளம்பிப் போகிறார். அதிகாரம் கைமாறுவதை அதைவிடத் தெளிவாகக் கண்ணால் காண முடியாது.

வெளியே வருவது உள்ளே போவதைவிடக் கஷ்டம். உடனே மெட்ரோவுக்கு ஓடாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் எங்காவது சூடாக உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிற்பகல் பேரணி கேபிட்டலிலிருந்து வெள்ளை மாளிகை வரை பென்சில்வேனியா அவென்யூவில் நடக்கும். இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும், ஓரத்தில் நிற்க இலவச இடமும் இருக்கும். விழாவையும் பேரணியையும் ஒரே நாளில் முன்வரிசையில் பார்க்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரவு நடன விருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1809-இல் மேடிசன் காலத்து முதல் விருந்துக்கு டிக்கெட் 4 டாலர். இப்போது நிறைய டாலர் கொடுத்து, வாடகை சூட்டில், குடிக்க வரிசையில் நின்று, அதிபர் சில நிமிடம் மேடையில் தோன்றுவதைப் பார்க்கலாம். ஆசை இருந்தால் உங்கள் மாநிலச் சங்கம் நடத்தும் விருந்தைப் பாருங்கள், ஊர்க்காரர்களாவது கிடைப்பார்கள்.

வீட்டில் கொண்டாடுவது

ஜனவரி 20 நண்பகல் என்றால் தமிழ்நாட்டில் இரவு 10:30. பொங்கல் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும், கோலமாவும் கரும்பும் வீட்டிலேயே இருக்கும். 2021-இல் கொரோனாவால் நேஷனல் மால் புல்வெளியை மூடி, வர முடியாத மக்களுக்குப் பதிலாக இரண்டு லட்சத்துக்கு நெருக்கமான கொடிகளை நட்டுவைத்தபோது, ஆயிரக்கணக்கான கோலங்களை அவரவர் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பி ஒன்றாகத் தொகுத்தார்கள். துணை அதிபரான கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் அதே நாளில் பட்டாசு வெடித்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். அதற்கெல்லாம் யாரிடமும் டிக்கெட் வாங்கவில்லை. வாசலில் ஒரு கோலம், வாஷிங்டன் நேரப்படி பதினொன்றரைக்கு (தமிழ்நாட்டில் இரவு 10 மணிக்கு) தொலைக்காட்சி, உரை முடிந்ததும் சாப்பாடு: இவ்வளவு போதும்.

உங்கள் வேட்பாளர் தோற்றிருந்தால்? மனசு வராவிட்டால் வெற்றி விருந்துக்குப் போக வேண்டாம். உறுதிமொழியை மட்டும் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள் 2029-இல் ஜனவரி 15 திங்கட்கிழமை வருகிறது. அது 1994 முதல் தேசிய சேவை நாளும்கூட. உணவு வங்கியில் அரை நாள் பெட்டி அடுக்கினால் அந்த வாரம் கொஞ்சம் லேசாகப் போகும்.

நினைவாக எதையாவது வைத்துக்கொள்ள விரும்பினால், மறுநாள் காகிதச் செய்தித்தாளை இரண்டு பிரதி வாங்குங்கள், சில இடங்களில் காலையிலேயே தீர்ந்துவிடும். கேபிட்டல் கட்டடத்தின் மேல் பறந்த கொடியைச் சான்றிதழோடு உங்கள் பிரதிநிதி அலுவலகம் மூலம் விலைக்கு வாங்கலாம், வேண்டிய தேதியைச் சொல்லியும் கேட்கலாம். பிள்ளைகளைப் புதிய அதிபருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பாதுகாப்புச் சோதனையெல்லாம் முடிந்து போவதால் பதில் வர மாதங்கள் ஆகும். கடிதம் மட்டும் போதும், கூடவே அதிரசம் வைத்து அனுப்பாதீர்கள், உணவுப் பொருளை அங்கே ஏற்றுக்கொள்வதில்லை.